பதினேழாம் நம்பர் மரம்

கோடாலியின் முதுகால் மரத்தில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார் ஈசாக். உள்ளே பொந்து இருக்கிறதா என்று பார்க்கிற தட்டு அது. கூடத்தில் அப்பாவின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த கல்யாணசுந்தரிக்கு அந்தச் சத்தம் கேட்டதும் கை நின்றுவிட்டது. எண்ணெய்க் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்துவிட்டு, கால்மாட்டில் அழுதுகொண்டிருந்த பெண்களைத் தாண்டி, அடுக்களை வாசல் வழியாகப் பின்னாலுள்ள விளைத் தோட்டத்துக்குள் இறங்கி ஓடினாள். முப்பத்தெட்டு வயதில் அவள் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

"யாரு அந்த மரத்துல கையை வச்சது?"

ஈசாக் கோடாலியைத் தாழ்த்தினார். பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்றிருந்த தம்பி சொக்கநாதன் இரண்டு கையையும் தூக்கி அவளை அமர்த்தப் பார்த்தான்.

"அக்கா, மெல்லப் பேசு. ஆளுவ நிக்குது."

"நிக்கட்டு. கேக்கட்டு. இந்த மரத்தை வெட்டப்பிடாது."

"பின்ன அப்பாவை எதுல வைக்க? பாறசாலையில விறகுக்கடை அடைச்சுப் போட்டிருக்கு. பஸ்ஸும் இல்ல, வண்டியும் இல்ல. செல்லசாமி விளையில மூணு மாமரம் நிக்குது, வாயைத் திறந்து ஒண்ணு தாறேன்னு சொன்னாரா? நீ பாத்தியா?"

அவள் பார்த்தாள். வேலிக்கு இப்பால் நின்ற பக்கத்து விளைக்காரர் செல்லசாமி வானத்தில் மழை இருக்கிறதா என்று பார்ப்பவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செங்கலுக்கும் தனுவச்சபுரத்துக்கும் நடுவே உள்ள அந்தப் பக்கத்து ஊர்களில் ஆள் செத்தால் சொந்த விளையின் தென்கோடியில் வைத்து எரிப்பதுதான் வழக்கம். அதற்கு மாமரம் வேண்டும். வெட்டின ஈரத்தோடேயே எரிகிற மரம் அது ஒன்றுதான். விளையில் மாமரம் இல்லாதவனுக்குப் பக்கத்து விளைக்காரன் கேட்காமலேயே ஒன்றைக் காட்டிக் கொடுப்பான். நேற்றுவரை சண்டை போட்டவன்கூடக் கொடுப்பான். சிவதாணு பிள்ளை விடியற்காலை ஐந்து மணிக்குச் செத்தார். மணி ஒன்பது ஆகிவிட்டது. ஒருவரும் ஒரு மரத்தையும் காட்டவில்லை.

காட்டமாட்டார்கள். முப்பத்தோரு வருஷம் அந்தப் பகுதியின் நிலவரிக் கச்சேரியில் இருந்தவர் அவர். கணக்கெழுதத் தொடங்கி, பார்வத்தியக்காரராகி, அதாவது பகுதிக்கே அதிகாரியாகி, ஓய்வு பெற்றவர். புறம்போக்கு என்றால் சர்க்கார் நிலம். அதில் நிற்கிற மரம், விழுகிற கிளை, உதிர்கிற சருகு, அடியில் கிடக்கிற கல், சரளை, மணல் எதை எடுக்க வேண்டுமானாலும் விண்ணப்பம் கொடுத்து பாஸ் வாங்க வேண்டும். இந்தச் சட்டம் எல்லா ஊரிலும் உண்டு. எல்லா ஊரிலும் அதிகாரிகள் கண்டும் காணாமலும் இருப்பார்கள். இந்த ஊருக்கு வாய்த்தவர் அப்படி இருக்கவில்லை. எருவுக்குத் தழை ஒடித்த கிழவியை நிறுத்தி வைத்துத் தழைக்கட்டை அவிழ்க்கச் சொன்னவர். பெண்டாட்டியின் கல்லறைக்கென்று பாறைப் புறம்போக்கிலிருந்து ஈசாக் வெட்டி எடுத்த பன்னிரண்டு கல்லையும், அவர் தலையிலேயே ஏற்றித் திரும்பக் கொண்டுபோய் அதே குழியில் அடுக்க வைத்தவர்.

அந்த ஈசாக்தான் இப்போது கேட்டார்.

"கொச்சம்மா சண்டை பிடிக்கண்டாம். நானும் அதைத்தான் சொல்லிட்டு நிக்கேன். பாஸ் உண்டுமா? பாஸ் இல்லாம சர்க்கார் மரத்துல நான் கோடாலி வைக்கமாட்டேன். எனக்கு அதைப் படிச்சுத் தந்தது உள்ள கிடக்காருல்லா, அவராக்கும்."

குரலில் பணிவு இருந்தது. பணிவுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. மரத்தின் இடுப்பில் தாரால் எழுதிய பதினேழு என்ற எண் வெடித்த பட்டையில் கோணிப்போய்த் தெரிந்தது.

அம்மை வைத்த மரம் அது. பூவாரில் பிறந்த வீட்டிலிருந்து கன்றாகக் கொண்டுவந்து ஓடைக்கரை ஓரமாக நட்டாள். பிறகு நில அளவு வந்தது. சங்கிலி பிடித்த ஆட்கள் மரத்தை உள்ளே விட்டுக் கல் போடத் தயாராக இருந்தார்கள். பார்வத்தியக்காரர் வீட்டு மரம் அல்லவா. அப்பாதான் குனிந்து சங்கிலியைத் தன் கையால் இழுத்துப் பிடித்து, மரம் ஓடைப் புறம்போக்கில் ஒன்றரை முழம் தள்ளி நிற்கிறது என்று சொல்லி எழுத வைத்தார். மறுநாளே வேலியை உள்ளே நகர்த்தினார். அதன்பிறகு அந்த வீட்டில் யாரும் அந்த மரத்தின் மாங்காயைத் தின்றதில்லை. ஊர் தின்றது. காக்காய் தின்றது. கடைசி நாட்களில் அம்மை அந்த மாங்காயில் ஒரு பச்சடி கேட்டபோது அப்பா பாறசாலைச் சந்தையிலிருந்து வேறு மாங்காய் வாங்கிவந்து கொடுத்தார். அம்மை அதைத் தொடவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன் இடவ மாத மழையில் அம்மை செத்தாள். நான் போகும்போது இந்த மரம் எனக்கு என்று பலமுறை சொல்லியிருந்தாள். விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன், தாலூக்கில் இருக்கிறது, பாஸ் வந்தால்தான் வெட்டலாம் என்றார் அப்பா. அன்றைக்கு இதே செல்லசாமி தன் மரம் ஒன்றைக் காட்டினார். அதிகாரத்துக்குக் கீழே உள்ளவனிடம் கைநீட்டி வாங்கக்கூடாது என்று அதையும் வேண்டாமென்றார். மாட்டுத்தொழுவத்தைப் பிரித்து உத்திரத்தையும், தொண்டு என்கிற தேங்காய் மட்டையையும் அடுக்கி எரித்தார்கள். மழை அணைத்தது. மறுபடி பற்றவைத்தார்கள், மறுபடி அணைத்தது. காலையில் சாம்பல் பார்க்கப் போன கல்யாணசுந்தரி, அம்மையின் இடது கால் வேகாமல் கணுக்காலோடு கிடந்ததைப் பார்த்தாள். மெட்டி கிடந்த விரல்கூட அப்படியே இருந்தது. அப்பாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தொண்டு கொண்டு வா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் புருஷன் விஷக்காய்ச்சலில் போய், இவள் தனியாளாகத் திரும்பி வந்து, பக்கவாதத்தில் விழுந்த அப்பாவை ஆறு வருஷம் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், மலம் வாரினாள். ஒருநாளும் அந்தக் காலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றியது. உயிரோடு இருந்தபோதே நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்க வேண்டும்.

"இப்பம் பார்வத்தியக்காரரா இருக்க சோமன் சார் அப்பாவுக்குக் கீழ இருந்தவருதானே," என்றான் சொக்கநாதன். "ஒரு வாக்கு சொன்னா பாஸ் எழுதித் தருவாரு. கொள்ளி வைக்கப்பட்டவன் நான், நனைஞ்ச துணியோட இடம்விட்டுப் போவப்பிடாது. அதும்போவ இந்தக் கலவரத்துல நான் கச்சேரிப் படி ஏறினா, தமிழன் மனுக் கொடுக்க வந்தான்னு எழுதி அனுப்புவினும். எனக்க வேலை போவும்."

திருவனந்தபுரத்தில் பெரிய கச்சேரியில் குமாஸ்தா அவன். வேலை போய்விடும் என்ற பயத்திலேயே பாதி முடி கொட்டியிருந்தது.

"நான் போறேன்," என்றாள் அவள்.

"நீயா?"

"ஏன், எனக்குக் கால் இல்லியா?"

அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பாஸ் வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான் பாவம். பாஸ் கொடுக்காதே என்று சொல்லத்தான் அவள் போனாள். அம்மைக்கு இல்லாத மரம் அவருக்கும் இல்லை. அவ்வளவுதான் அவள் மனசில் இருந்தது.

கச்சேரிக்கு ஒரு மைல். வழியில் ஒரு கடை திறந்திருக்கவில்லை. எல்லைப் போராட்டச் சமரத்துக்காரர்கள் மூன்று நாள் கடையடைப்பு சொல்லியிருந்தார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் விளவங்கோடு மதராசோடு போகிறது, இந்த ஊர் உள்ள நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நிற்கிறது என்று பத்திரிகையில் வந்துவிட்டது. தமிழ் ஊர்களைக் கேரளத்தில் விட்டுக் கோடு விழுந்துவிட்ட ஆத்திரத்தில் மதில்களெல்லாம் தாரெழுத்தாக இருந்தன. இதையெல்லாம் அவள் அப்பாவுக்குப் பத்திரிகையிலிருந்து வாசித்துச் சொல்லும்போது, கோணின வாயோடு அவர் சொன்னது ஒன்றுதான். "எந்த ராஜ்ஜியத்துல சேத்தாலும் புறம்போக்கு புறம்போக்குதான்."

கச்சேரி வாசலில் துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான்.

"சமரத்துக்கா வந்தது?" என்றான்.

"சாவுக்கு," என்றாள். அவன் வழிவிட்டான்.

உள்ளே சோமன் தரையில் உட்கார்ந்து பழைய காகிதங்களைக் கட்டுக்கட்டாகச் சணலில் கட்டிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். சேதி அவருக்குத் தெரிந்திருந்தது. மலையாளத்தில் இரண்டு வார்த்தை வருத்தம் சொல்லிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"பிள்ளைசார் எனக்குத் தொழில் படிப்பிச்ச ஆளாக்கும் சேச்சி. மரத்துக்குத்தானே? இப்பம் எழுதித் தாறேன். அஞ்சு நிமிஷம்."

"தாலூக்குக்குப் போவண்டாமா?"

"எதுக்கு? சாவுக் காரியத்துக்குப் பார்வத்தியக்காரரே எழுதலாம். பின்னால ஒரு ரிப்போர்ட் அனுப்பினாப் போதும்."

அவளுக்குச் சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது. "இது எப்பம் வந்த சட்டம்?"

"பண்டே உள்ளதாக்கும். ராஜா காலத்துச் சட்டம்."

"எங்க அம்மை செத்தப்பவும் இருந்துதா?"

சோமன் சணல் கயிற்றை விரலில் சுற்றி அவிழ்த்தார். அப்போதுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

"அந்த விண்ணப்பத்தை நான் பாக்கணும்," என்றாள் கல்யாணசுந்தரி.

"சேச்சி, இந்த நேரத்துல..."

"இந்த நேரத்துலதான் பாக்கணும். எடும்."

மரங்களுக்கான காகிதக் கட்டு அவிழ்த்தபடிதான் கிடந்தது. பதினேழாம் நம்பர் காகிதத்தைச் சோமன் உருவி எடுத்து, அவள் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்தார். அப்பாவின் எழுத்து. சரிந்து விழாத, அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. மேல்பாதியில் விண்ணப்பம்: எனது பாரியை அம்மிணி இன்று காலமானபடியால், தகனத்தின் பொருட்டு ஓடைப் புறம்போக்கில் நிற்கும் 17-ம் நம்பர் மாமரத்தை வெட்டி எடுக்க அனுமதி வேண்டுகிறேன். கீழே அவர் கையெழுத்து, விண்ணப்பதாரர் என்று.

கீழ்ப்பாதியில் பார்வத்தியக்காரரின் விசாரணைக் குறிப்பு. அதே பேனா, அதே மை. விண்ணப்பதாரரை விசாரித்தேன். விண்ணப்பதாரருக்குத் தொழுவத்தின் உத்திரமும் தொண்டும் உண்டு. மரம் காய்ப்புள்ளது. வெட்ட அவசியமில்லை. அனுமதி மறுக்கப்பட்டது. கீழே அவர் கையெழுத்து, பார்வத்தியக்காரர் என்று.

அவள் இரண்டு முறை வாசித்தாள். விசாரித்தேன் என்று எழுதியிருந்த இடத்தில் கண் நின்றது. யாரை விசாரித்தார்? எந்த நாற்காலியில் உட்கார்ந்து எந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்? வீட்டில் அம்மை நடுக்கூடத்தில் கிடக்க, இங்கே வந்து உட்கார்ந்து, தானே கேட்டு, தானே இல்லை என்று சொல்லிக்கொண்டு, மை உலர ஊதிவிட்டு, வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம் தாலூக்கில் இருக்கிறது என்றிருக்கிறார். பதினாறு நாளும் அதையே சொன்னார்.

"ஈசாக்குக்கக் கல்லுக் கேஸும் அந்த மாசம்தான்," என்றார் சோமன் தாழ்ந்த குரலில். "சொந்தக் காரியத்துக்கு எழுதினா நாளைக்கு அவன் முகத்துல எப்படி முழிப்பேன்னு என்கிட்ட சொன்னாரு. பிள்ளைசாருக்கு மனசாட்சி பெரிசாக்கும் சேச்சி."

"மனசாட்சி!" மேஜையை அவள் அடித்த அடியில் மைக்கூடு துள்ளியது. வாசலில் போலீஸ்காரன் எழுந்து எட்டிப் பார்த்தான். "அவருக்க மனசாட்சி வெளுத்த துணியா இருக்கணும். அதுக்கு எங்க அம்மைக்கக் காலு வேகாம மழையில கிடக்கணும். இல்லியா? யாருக்க காலு அது? சர்க்காருக்கக் காலா?"

சோமன்மேல் கோபப்பட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். கோபப்பட வேண்டிய ஆள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கூடத்தில் படுத்திருந்தார். இனி எந்தக் கேள்விக்கும் அவர் பதில் சொல்லத் தேவையில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சோமன் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"வேண்டாம்," என்றாள். "எழுதண்டாம். விண்ணப்பதாரருக்கு உத்திரமும் தொண்டும் உண்டு."

வீட்டுக்கு வந்து, கிட்டாது என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். ஏன் கிட்டாது, யார் சொன்னது என்று சொக்கநாதன் கத்தினான், கெஞ்சினான், கடைசியில் உட்கார்ந்து அழுதான். ஈசாக் ஒன்றும் கேட்காமல், கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு புதிய தொழுவத்தைப் பார்க்கப் போனார். எட்டு வருஷத்துக்கு முன் பிரித்த இடத்தில் கட்டின தொழுவம். பசுவை அவிழ்த்துத் தென்னையில் கட்டிவிட்டு உத்திரத்தைப் பிரித்தார்கள். தொண்டும் சிரட்டையும் கூடைகூடையாக வந்தன. ஊர்க்காரர்கள் அதற்கு மட்டும் கை கொடுத்தார்கள்.

இரண்டு மணிக்கு எடுத்தார்கள். சொக்கநாதன் கொள்ளி வைத்தான். எரிக்கும்போது பெண்கள் விளைக்கு வரக்கூடாது என்பதால் அவள் அடுக்களை வாசலில் நின்றாள். தொண்டு பிடித்துக்கொண்டு நன்றாகத்தான் எரிந்தது. மூன்றரைக்குக் கிழக்கே இடித்தது. துலா மாதத்து மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. இடிக்குப் பின்னாலேயே வந்தது.

வந்தவர்களெல்லாம் ஓலைப்பந்தலுக்குள் ஓடினார்கள். இரண்டு பேர் தகரத்தைப் பிடித்துச் சிதைக்கு மேலே காட்டிப் பார்த்து, கை சுட்டதும் போட்டுவிட்டு வந்தார்கள். தீ அமர்ந்து புகையானது. வெள்ளைப் புகை விளை முழுக்கப் பரவி, அடுக்களைக்குள்ளும் வந்தது. பந்தலுக்குள் செல்லசாமி பக்கத்தில் நின்றவரிடம், "அண்ணைக்கும் இப்படித்தானே," என்று சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஆமாம், அன்றைக்கும் இப்படித்தான். இதுதானே அவளுக்கு வேண்டியிருந்தது? மழையே, நல்லாப் பெய், என்று மனசுக்குள் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். கிடக்கட்டும். அந்தக் குளிர் என்ன என்று அவருக்கும் தெரியட்டும். விசாரணைக் குறிப்பை இப்போது எழுதட்டும்.

அரைமணி நேரத்தில் மழை விட்டது. உத்திரம் ஒன்று நடுவே ஒடிந்து சரிய, மேலே அடுக்கியிருந்த தொண்டு உருண்டது. அப்பாவின் வலது கால் வெளியே தெரிந்தது. பக்கவாதம் வந்த பக்கத்துக் கால். ஆறு வருஷமாக ராத்திரியும் பகலும் அவள் தைலம் தேய்த்த கால். பெருவிரல் நகம் போன வாரம் அவள் வெட்டிவிட்டதுதான். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தாள், வலிக்கும் என்று.

அவள் படியிறங்கினாள். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து புடவையைப் பிடித்தாள். உதறிவிட்டு நடந்தாள். பந்தல் காலில் சாத்தியிருந்த கோடாலியை எடுத்தாள். அது இத்தனை கனமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"அக்கா! எங்க போற? அக்கா!"

வேலியின் முள்ளை மிதித்துத் தள்ளிக்கொண்டு மரத்தடிக்குப் போனாள். மரத்தின் கீழ்க்கிளை ஓடைப் பக்கம் சாய்ந்து தாழ்வாக நீண்டிருந்தது. ஓங்கி வெட்டினாள். முதல் வெட்டு வழுக்கிப் பட்டையைச் சீவியது. இரண்டாவது பதிந்தது. கோடாலியை இழுக்க முடியவில்லை. காலை மரத்தில் ஊன்றி இழுத்தாள்.

ஈசாக் வந்து பக்கத்தில் நின்றார். "இங்க தாங்க கொச்சம்மா. உங்களுக்கு வெட்டத் தெரியல்ல."

"தொடாதேயும். உம்ம பேரு எழுதுவினும்."

"எழுதினா எழுதட்டு."

"வேண்டாம்னு சொன்னேன்! உம்மைத்தான் ஒருக்கா சுமக்க வச்சாச்சே. இது நான் வெட்டணும்."

ஈசாக் கையை இழுத்துக்கொண்டார். அவளுடைய அடுத்த வெட்டைப் பார்த்துவிட்டு, "நேரா ஓங்கண்டாம். சரிச்சு வெட்டுங்க. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு," என்றார்.

மேலே ஒன்று, கீழே ஒன்று. எத்தனை வெட்டு என்று அவளுக்கு நினைவில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்விட்டுத் திட்டினாள். தாலூக்கில் இருக்கிறதா, தாலூக்கில் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வெட்டினாள். ஊர் பார்த்துக்கொண்டு நின்றது. மாம்பால் தெறித்து முழங்கையில் பட்டு எரிந்தது. கிளை முறிந்து ஓடைத் தண்ணீரில் பாதியும் கரையில் பாதியுமாக விழுந்ததும்தான் ஈசாக் கைவைத்தார். கீழே விழுந்த பிறகு துண்டு போடுவதற்கு யாரும் அவரைத் தடுக்கவில்லை. சொக்கநாதன் வந்து ஒரு துண்டைத் தூக்கினான். கொஞ்சம் தயங்கிவிட்டு செல்லசாமியும் ஒன்றைத் தூக்கினார்.

முதல் துண்டை அவள்தான் கொண்டுபோய் வைத்தாள், அந்தக் காலின்மேல். சொக்கநாதன் வீட்டிலிருந்த தேங்காயெண்ணெய் முழுவதையும் கொண்டுவந்து ஊற்றினான். பச்சை மரம் முதலில் சீறியது, நுரைத்தது, பிறகு பிடித்தது. பிடித்த பிறகு யாராலும் பக்கத்தில் நிற்க முடியவில்லை. பொழுது சாயுமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சோமன் வந்தார். கக்கத்தில் நீளமான புத்தகம் இருந்தது. முற்றத்தில் நின்று தொண்டையைச் செருமினார்.

"மரத்தை வெட்டினதாப் பராதி வந்திருக்கு சேச்சி. குடுத்தது யாருன்னு கேக்கண்டாம். எழுதாம இருக்க வழியில்ல. கலெக்டர் ஆபீசுக்காரங்க இந்த மாசம் எல்லாக் காகிதக் கட்டையும் பாக்கினும்."

"எழுதும்," என்றாள் அவள். இரவு முழுக்கத் தூங்கவில்லை. முழங்கையில் மாம்பால் பட்ட இடம் கொப்புளித்திருந்தது. சோமனை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சொக்கநாதன் உள்ளேயே நின்றுகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தான்.

சோமன் புத்தகத்தை விரித்து மரத்தில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"வெட்டின ஆளு?"

"கல்யாணசுந்தரி. சிவதாணு பிள்ளைக்க மகள்."

"கூட யாராவது?"

"யாரும் இல்ல."

தூரத்தில் சாம்பலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த ஈசாக் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"என்ன ஆவசியத்துக்கு வெட்டினதுன்னு ஒரு கள்ளி உண்டு," என்றார் சோமன், புத்தகத்தில் காலியாக இருந்த கட்டத்தில் விரலை வைத்து. "அதுல என்ன எழுத?"

அவள் தென்கோடியைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. கறுப்பாக ஓர் இடம், அதன்மேல் ஈசாக்கின் குடம்.

"விறகுக்குன்னு எழுதும்."

சோமன் எழுதினார். பிறகு வெட்டுவாயை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவளை நிமிர்ந்து பாராமல் சொல்லிக்கொண்டே எழுதினார். "சிறு கம்பு ஒண்ணு. சுற்றளவு ஒரு சாண். காத்துல முறிஞ்சதுன்னு வச்சாலும்..."

"ஒரு சாணா?"

"சேச்சி, பேசாம இரிங்க. உள்ளது எழுதினா கேஸாவும். கோர்ட்டுக்குப் போவணும்."

"அந்த எழுத்தை அடிக்கணும். நாடா கொண்டு வந்திருக்கீரா?"

"இருக்கு, ஆனா எதுக்கு..."

"எடும்."

அவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். அவள் அதன் நுனியை வாங்கி, ஈரம் காயாத வெட்டுவாயில் வைத்துப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தாள். பால் இன்னும் கசிந்துகொண்டிருந்தது. விரலில் பட்டு எரிந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"சுத்திக் கொண்டு வாரும்," என்றாள். "தொங்கவிடாம, இழுத்துப் பிடியும்."